எச்.ஓ.டி.யைப் பார்க்க முடியுங்களா?

கொங்கு நாட்டில் படிப்பு என்பது அப்பா பார்க்கிற வேலை. பிள்ளைகள் கூடமாட ஒத்தாசை செய்வார்கள், அவ்வளவுதான். பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு நாமக்கல், ராசிபுரம் பக்கம் காரை விட்டு, 'காலையில் அஞ்சு மணிக்கு எழுப்புவோம்' என்கிற பள்ளியையும் 'எங்களிடம் நாலரை' என்கிற பள்ளியையும் சீர்தூக்கிப் பார்த்து, நாலரைக்குக் கூடுதல் பீஸ் கட்டிவிட்டு வருவது அப்பாதான். அந்த வட்டாரத்தில் கோழிப் பண்ணைகளும் விடுதிப் பள்ளிகளும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டிலும் விளக்கைச் சீக்கிரம் அணைக்க மாட்டார்கள், மகசூல் குறைந்துவிடும்.

இன்ஜினீரிங்கிலும் இதே கதைதான். மகன் முதல் பீரியடுக்குப் போகவில்லை என்றால் ஒன்பதேகாலுக்கு என் போனில் மெசேஜ் வந்து விழும். கோவை கணபதியில் இருக்கிற என் பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு எச்.ஓ.டி.யைப் பார்க்கப் போவேன். "பையன் நல்ல பையன்தானுங்க, கொஞ்சம் அசால்ட்டு" என்பார். எல்லா அப்பாக்களிடமும் இதையேதான் சொல்கிறார் என்று தெரிந்தும் மனசு நிறைந்து திரும்புவேன்.

இப்படிப்பட்டவனிடம் மகன் ஒருநாள், "ஜெர்மனியில மாஸ்டர்ஸ் பண்றேனுங்ப்பா" என்றான்.

அதற்கென்று அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டலில் கருத்தரங்கு. கூட்டம் அம்மியது. அதிசயமில்லை, 2022-23 குளிர்கால செமஸ்டரிலேயே சீனாவை முந்தி, ஜெர்மனியில் படிக்கிற வெளிநாட்டு மாணவர்களில் நம் பிள்ளைகள் முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் குறிப்பெடுக்க, அப்பாக்கள் கேள்வி கேட்டோம். முதல் கேள்வி எதுவென்று சொல்லவே வேண்டாம்.

"பீஸ் எத்தனைங்க?"

"அரசுப் பல்கலைக்கழகங்கள்ல பெரும்பாலும் பீஸ் இல்லைங்க."

மண்டபமே அமைதியானது. சந்தோஷத்தில் வந்த அமைதி அல்ல, சந்தேகத்தில் வந்தது. பீஸே வாங்காத காலேஜ் எப்படி நல்ல காலேஜாக இருக்கும்? மேடையில் பதில் சொன்ன பையன் பாவம், பொறுமையாக விளக்கினான். அங்கேயும் சில மாநிலங்கள் கட்டணம் வாங்கிப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கைவிட்டு, கடைசியில் 2014-இல் லோயர் சாக்சனியும் விட்டுவிட்டதாம். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் நம்மைப் போன்ற வெளியாட்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இல் ஆரம்பித்துவிட்டது; மாஸ்டர்ஸ் என்றால் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ.

முன்வரிசையில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுதான் நல்ல காலேஜு. அதையே எழுதிக்க கண்ணு" என்றார் மகளிடம்.

பீஸ் இல்லை என்றால் செலவு இல்லை என்று அர்த்தமில்லை. டெல்லியில் ஏ.பி.எஸ். என்றொரு அமைப்பு, 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மார்க் ஷீட்டெல்லாம் அசல்தானா என்று பார்த்துச் சான்றிதழ் தருகிறது. 2022 நவம்பரிலிருந்து அது இல்லாமல் விசா கிடையாது. அடுத்து பிளாக்டு அக்கவுண்ட். 11,904 யூரோவை, அதாவது பன்னிரண்டு லட்சத்துக்குப் பக்கமான பணத்தை, முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். மகன் அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக அவனிடமே திருப்பிக் கொடுப்பார்கள். என் மச்சான் திருப்பூரில் பைனான்ஸ் வைத்திருப்பவர். எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "வட்டி என்ன குடுக்கறானுங்க?" என்றார். வட்டி கிடையாது என்றேன். ஒரு நாடு முன்னேறியது எப்படி என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

மகனும் போய்ச் சேர்ந்தான். அவன் அம்மா கட்டிக்கொடுத்த பெட்டியில் துணி கொஞ்சம். மீதியெல்லாம் பருப்புப் பொடி, கொள்ளு, அரைத்து வைத்த மசாலா. நான் என் பங்குக்கு, பழக்கதோஷத்தில், பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில் போட்டேன். இன்னாருடைய தகப்பன், பையன் ஒழுங்காக வகுப்புக்கு வருகிறானா, எச்.ஓ.டி.யிடம் ஐந்து நிமிடம் பேச முடியுமா என்று கேட்டு. மரியாதையாகப் பதில் வந்தது. மாணவர் வயது வந்தவர், தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அவரைப் பற்றி மூன்றாம் நபரிடம் எதுவும் சொல்ல இயலாது.

பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். எண்பது வயதில் அவருக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். "மூணாம் மனுசனா? பெத்தவனா?"

வருகிறானா என்று கேட்டேனே, அங்கே பெரும்பாலான வகுப்புகளில் அட்டெண்டன்ஸே எடுப்பதில்லையாம். பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். அந்தக் கால் மணி நேரத்துக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள், கல்விக் கால்மணி என்று. பாடம் முடிந்ததும் கைதட்டாமல் மேசையை விரல் முட்டியால் தட்டுகிறார்கள். இங்கே தட்டினால் டிசி கொடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் அடைப்பு. அன்றைக்கு மிக்ஸி போட்டால் கீழ்வீட்டு அம்மையார் மேலே வந்துவிடுகிறாராம். அதனால் ஞாயிறுகளில் அரிசியும் பருப்பும் சாதம்தான், சட்னி இல்லாமல்.

முதல் செமஸ்டர் மார்க் வந்தது. 1.7 என்றான். நான் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். பிறகுதான் விளங்கியது: அங்கே 1 என்றால் உச்சம், 4 என்றால் பாஸ், 5 என்றால் பெயில். நம் பத்துக்கு 8.83, அவர்கள் சூத்திரப்படி 1.7. நல்ல மார்க்தான், ஆனால் அதை ஒரம்பரைக்கு விளக்க ஒரு டம்ளர் காபி ஆறிவிடுகிறது.

பெயில் ஆவதுதான் விஷயம். பல இடங்களில் ஒரு பரீட்சையை மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பே போச்சு, நாட்டில் வேறெங்கும் அதே பாடத்தில் சேரவும் முடியாது. அரியர் வைப்பதைப் பரம்பரைச் சொத்துபோலப் பாதுகாத்து வந்த ஊர் நம்முடையது. 2020-இல் கொரோனாவின்போது, அரியருக்குப் பணம் கட்டியிருந்தாலே பாஸ் என்று அரசு அறிவித்ததும் முதலமைச்சருக்குப் பேனர் வைத்துக் கொண்டாடிய பிள்ளைகள் இவர்கள்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்பு முடிந்ததுமே, பல்கலைக்கழகத்துக்குப் போகிற பாதை எது, தொழிலுக்குப் போகிற பாதை எது என்று பள்ளிகள் பிரிந்துவிடும். தொழில் பாதையில் போகிறவன் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளி, மற்ற நாள் பட்டறை என்று மூன்று வருஷம் போல, சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுக்கொள்கிறான். லேத்துக்கு ஆள் கிடைக்காமல் அல்லாடுகிற எனக்கு இதைக் கேட்டு வாயில் எச்சில் ஊறியது. இங்கேயும் இப்படி யோசித்தவர் உண்டு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நம் கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு 1945-இல் இன்ஜினீரிங் கல்லூரி தொடங்கினார். நாலு வருஷப் படிப்பு காலவிரயம், இரண்டே போதும் என்று சொல்லிப் பார்த்தார். அரசாங்கம் கேட்காததால் கல்லூரி முதல்வர் பதவியை உதறிவிட்டுப் போனார். அவர் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் இன்றைய தடாகம் ரோட்டு ஜி.சி.டி. இன்றைக்கும் நாலு வருஷம்தான்.

ஜெர்மனியின் அந்த நாலாம் வகுப்புப் பிரிவினையில், பல மாநிலங்களில் கடைசி முடிவு பெற்றோருடையதாம். ஆக அப்பாவைக் கேட்கிற இடமும் அங்கே ஒன்று இருக்கிறது. என்ன, மகனுக்குப் பத்து வயதாக இருந்திருக்க வேண்டும்.

போன மாதம் கல்யாணத் தரகர் வந்தார். பயோடேட்டாவை வாசித்துக்கொண்டே வந்தவர் 1.7-இல் நின்றார். "இதப் பாத்தா பொண்ணு வீட்ல வேற நெனப்பாங்க. 8.83-ன்னே போட்ருவோம். ஜெர்மனிங்கறத மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க" என்றார். போட்டோம். ஜாதகத்தை இணைத்தோம். கோபிப் பக்கம் ஒரு வரன், பல்லடத்தில் ஒரு வரன் என்று பேச்சு வளர்ந்தது.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்கல்ல?" என்றார்.

பெரியப்பா உள்ளிருந்தே குரல் கொடுத்தார். "அவன்கிட்ட என்னத்துக்கு? மூணாம் மனுசன்கிட்டயெல்லாம் சொல்றதுக்கில்லீங்க."