ஆட்டம் என்னும் பதம்: ஒரு நஷ்ட விசாரணை

மைதானத்தில் மட்டை பிடிப்பவரும், சலங்கை கட்டி மேடையேறுபவரும், ஜமுக்காளத்தில் சம்மணமிட்டுச் சீட்டைக் கலைப்பவரும் செய்கின்ற காரியம் மூன்றுக்கும் ‘ஆட்டம்’ என்ற ஒரே பதம் வழங்கிவருவதால், ‘நேற்று அவர் ஆட்டம் பிரமாதமாம்’ என்று ஒருவர் சொல்லும்போது, மகிழ்வதா, அவர் குடும்பத்துக்காக வருந்துவதா என்று சபையோர் திகைக்க நேரிடுகிறது. இச்சங்கடத்தைப் போக்கும்பொருட்டு, ஒவ்வோர் ஆட்டத்திலும் இழக்கப்படுவது எது என்ற ஒரே கேள்வியைக் கொண்டு, இப்பதத்தின் மூவகைப் பொருளையும் நிர்ணயிக்க முற்படுகிறோம்.

முதலாவது, விளையாட்டு. கிரிக்கெட்டில் பந்து விக்கெட்டைச் சாய்த்ததும் மட்டைக்காரர் ‘ஆட்டமிழந்தார்’ என்கிறோம். அவர் இழந்த பின்னும் ஆட்டம் நடந்துகொண்டேயிருப்பது முதல் விசித்திரம். பதின்மர் அவ்வாறு இழந்துவிட்டால், பதினோராமவர் ‘ஆட்டமிழக்காமல்’ நிற்கிறார்; ஆயினும் ஆடுவதற்கு ஆட்டம் இல்லாமையால், இழந்தவர்களைப் போலவே அவரும் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்புகிறார்.

இரண்டாவது, நடனம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் மல்லாடலும் ஒன்று. வாணனோடு பொருத மாயோனின் மற்போரே அங்கே கூத்தாயிற்று. ஆகவே பயில்வானையும் நர்த்தகியையும் ஒரே பதத்தில் அடக்கியது பிற்காலத்தாரின் சோம்பல் அன்று. ஆனால் மாதவி ஆட்டமிழந்தாள் என்று எந்த உரைகாரரும் எழுதத் துணியார். குலத்தார் தேடிவைத்த பொருளையெல்லாம் தொலைத்தவன் கோவலனே. நடனத்தில் நஷ்டம் பார்ப்பவரைச் சாரும் என்பது இதனால் பெறப்படும். 1930களிலோ நஷ்டம் பதத்தையே சார்ந்தது: வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் முதலானோரின் முயற்சியால் சதிராட்டம் பரதநாட்டியமாகிக் கௌரவம் எய்தியபோது, ‘ஆட்டம்’ வாசலிலேயே விடப்பட்டது. கரகாட்டமும் ஒயிலாட்டமும் மயிலாட்டமும் வழக்கறிஞர் எவரும் வந்து சேராமையால், பழைய பெயருடனேயே கோயில் திருவிழாக்களில் ஆடிவருகின்றன.

மூன்றாவது, சூது. இங்கே ஆடுபவன் ஆட்டம் ஒன்றைத் தவிர மற்ற யாவற்றையும் இழக்கிறான். தருமபுத்திரர் நாட்டையும் தம்பியரையும் தம்மையும் பாஞ்சாலியையும் பணயம் வைத்துத் தோற்று, திருதராட்டிரன் தயவால் அனைத்தையும் திரும்பப் பெற்று, பாதி வழியில் மறுபடி அழைப்பு வந்ததும் திரும்பிச் சென்று, பன்னிரண்டு ஆண்டு வனவாசத்தையும் ஓராண்டு அஞ்ஞாதவாசத்தையும் ஈட்டியதே இதற்குச் சாலச் சிறந்த பிரமாணம். கல்யாண மண்டபங்களில் முகூர்த்தத்துக்கு முந்திய இரவில் நடைபெறும் ரம்மியிலும் ‘இதுதான் கடைசி ஆட்டம்’ என்ற பிரகடனம் நள்ளிரவில் தொடங்கி, சமையற்கட்டில் காபிக்குப் பால் காயும் வரை வெவ்வேறு குரல்களில் ஒலிக்கக் காணலாம். அதை மொழிபவர் பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருப்பவரே.

ரம்மியை முற்றிலும் சூதென்று தள்ளிவிடவும் இயலாது. 1960களில், செகந்தராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதற்கும், எதைக் கையில் வைத்து எதை இறக்குவது என்று தேர்வதற்கும் திறமை வேண்டுமாதலால் அது பெரிதும் திறமையின் ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடனம் கௌரவம் பெறுவதற்குத் தன் பெயரைத் துறக்க வேண்டியிருந்தது. சீட்டோ பெயரில் ஓர் எழுத்தும் குறையாமல் கௌரவம் பெற்றது. மேற்படி ஜமுக்காளத்தில் யாம் நடத்திய விசாரணையில், வென்றவர் அனைவரும் தீர்ப்பை முழுமனதாக ஆமோதித்தனர். தோற்றவர் அனைவரும், தங்களுக்கு ஒரு ஜோக்கர்கூட வரவில்லை என்று மேல்முறையீடு செய்தனர்.