16 கி.மீ.யில் நிற்கும் காற்று

கூடங்குளத்துக் காற்று சட்டம் படித்த காற்று. அணு உலையிலிருந்து கிளம்பினால் 16 கிலோமீட்டர் வரை வரும். அதற்கு மேல் வராது. எல்லையில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடும். நெருக்கடிகாலத் திட்டத்தில் அப்படித்தான் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். வட்டத்துக்குள் இருப்பவருக்குக் காகிதத்தில் ஒத்திகை உண்டு, மாத்திரை உண்டு, ஏற்றிச்செல்லப் பேருந்தும் உண்டு. வெளியே இருப்பவருக்குக் கடவுள் உண்டு.

நம் ஊர் இடைசெவல் உலையிலிருந்து ஏறக்குறைய 100 கி.மீ. தள்ளி இருக்கிறது. மாவட்டமும் வேறு. உலை திருநெல்வேலிக்கு, நாம் தூத்துக்குடிக்கு. வேறு மாவட்டத்துக் காற்று ஆட்சியர் உத்தரவில்லாமல் நம் எல்லைக்குள் நுழையுமா? ஆக, நாம் தப்பித்தோம். நம் ஆடுகளும் தப்பித்தன.

ஒரே ஒரு சிக்கல். இதே காற்றை நம்பித்தான் ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. மின்சாரம் எடுக்கும்போது இது நாட்டிலேயே பலமான காற்று. முதலீட்டாளர் மாநாட்டில் இதை விற்காத அமைச்சர் இல்லை. உலையின் வரைபடத்தில் மட்டும் அதற்கு 16 கி.மீ.யில் மூச்சு வாங்கிவிடும்.

காற்று எவ்வளவு தூரம் நடக்கும் என்று வேல்ஸ் நாட்டு மேய்ப்பரைக் கேட்டால் சொல்வார். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. வேல்ஸ் மலைகள் அங்கிருந்து 2,000 கி.மீ.க்கும் மேலே. மே மாதத் தொடக்கத்தில் அங்கே மழை பெய்தது. மழையோடு கதிரியக்கச் சீசியம் இறங்கியது. புல்லில் உட்கார்ந்தது. புல்லை ஆடு தின்றது. ஆபத்து ஒன்றுமில்லை என்று பிரிட்டிஷ் அரசு முதலில் சொன்னது. எந்த அரசும் முதலில் அதைத்தான் சொல்லும். ஜூன் 20 அன்று உத்தரவு வந்தது. ஆட்டை விற்காதே, வெட்டாதே, இடம் மாற்றாதே. எத்தனை நாளைக்கு? மூன்றே மூன்று வாரம்.

மூன்று வாரம் முடிந்தது 2012 ஜூன் 1 அன்று. 26 ஆண்டுகள்.

தடையில் முதலில் மாட்டியவை ஏறத்தாழ 10,000 பண்ணைகள், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள். கடைசி நாள் வரை வடக்கு வேல்ஸில் 334 பண்ணைகளும் கம்ப்ரியாவில் 8 பண்ணைகளும் விடுபடவில்லை. உத்தரவு போட்ட அமைச்சர்கள் ஓய்வு பெற்றார்கள். அன்று குட்டியை மடியில் வைத்திருந்த சிறுவனுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. சீசியத்துக்கு மட்டும் அவசரமில்லை. பாதியாகக் கரையவே அதற்கு 30 ஆண்டுகள் வேண்டும்.

இதைச் சொன்னால் நம் ஊர் நிபுணர் ஒருவர் எழுந்து நிற்பார். “அது சதுப்புக்கரி மண். சீசியத்தைப் பிடித்து வைக்காமல் புல்லுக்குக் கொடுத்துவிடும். உங்கள் கரிசல் களிமண். கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.” பாதி உண்மை. களிமண் சீசியத்தைப் பிடிக்கும்தான். ஆனால் ஆடு மண்ணைத் தின்பதில்லை ஐயா. முன்னங்காலைத் தூக்கி வேலியில் வைத்து இலையைத் தின்கிறது. கருவேல நெற்றைப் பொறுக்குகிறது. வானத்திலிருந்து இறங்குவது மண்ணைத் தொடும் முன்னால் இலையைத்தான் தொடும். கரிசல் மண் பருத்தியைக் காப்பாற்றியிருக்கிறது, கம்பைக் காப்பாற்றியிருக்கிறது. அரசாங்கத்தின் சோம்பலையும் அதுவே காப்பாற்ற வேண்டும் என்பது அதிகம்.

பிரிட்டனில் என்ன செய்தார்கள் என்பதையும் பார்ப்போம். அதிகாரி கருவியோடு மலைக்குப் போனார். ஒவ்வோர் ஆட்டையும் பிடித்து நிறுத்தி, பின்பக்கம் கருவியை ஒட்டவைத்து அளந்தார். கதிரியக்கம் கிலோவுக்கு 1,000 பெக்கரலுக்குக் கீழே என்றால் சந்தைக்கு. மேலே என்றால் உடம்பில் சாயக்குறி. அது இருக்கும்வரை கத்தி படக்கூடாது. தாழ்நிலத்துச் சுத்தமான புல்லில் மேய்த்தால் சில வாரங்களில் அளவு இறங்கும். மறுபடி அளப்பார்கள். இந்தத் தொல்லைக்காக விவசாயிக்கு ஆடு ஒன்றுக்கு 1.30 பவுண்டு. அற்பத் தொகைதான். ஆனாலும் அளந்தார்கள், எழுதினார்கள், கொடுத்தார்கள். நார்வேயில் பிரஷ்யன் நீலம் என்ற சாயப்பொருளை உப்புக்கட்டியில் கலந்து ஆடுகளுக்கு நக்கக் கொடுத்தார்கள். அது வயிற்றிலேயே சீசியத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

இப்போது அந்த அதிகாரியை ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் இறக்குங்கள். வேம்பூர்க் கிடா ஒரு பக்கம், கன்னி ஆடு ஒரு பக்கம், கொடி ஆடு ஒரு பக்கம். தரகர் வாயைத் திறந்து பல் பார்ப்பார். முதுகெலும்பை அழுத்திக் கறி பார்ப்பார். துண்டுக்கடியில் விரல் பேசும். காபி ஆறுவதற்குள் ஆடு வண்டியில் ஏறி மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ போயிருக்கும். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய சனி என்றால் நிற்கவே இடம் இருக்காது. இதில் பெக்கரல் எண்ண யார் வருவார்? கால்நடை மருந்தகத்தில் குடற்புழு மருந்து கேட்டாலே அடுத்த வாரம் வரச் சொல்கிறார்கள்.

சந்தையாவது ஓரிடத்தில் இருக்கிறது. கிடை? இன்று ஒருவர் புஞ்சையில், நாளை பக்கத்து ஊர் மந்தையில், மழை பொய்த்தால் வேறு மாவட்டத்தில். பகலெல்லாம் மேய்ந்து இரவெல்லாம் உரம் போடுவதுதான் கிடையின் பிழைப்பு. “இடம் மாற்றாதே” என்ற உத்தரவைக் கிடைக்காரரிடம் நீட்டினால், அவர் நெற்றியைச் சுருக்கி, “அப்ப மேய்ச்சலுக்கு நீங்க கூட்டிட்டுப் போறீகளா சார்?” என்றுதான் கேட்பார்.

ஆதார் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். மாட்டுக்கும் ஆட்டுக்கும் 12 இலக்க எண்ணோடு காதில் மஞ்சள் கம்மல் குத்தும் திட்டம் நாடு முழுக்க ஓடுகிறது. கம்மல் இருந்தால்தான் காப்பீடு. வேலியில் மாட்டிக் கம்மல் அறுந்து விழுந்தால் ஆடு செத்ததாகவே கணக்கில்லை. ஆட்டின் எண்ணை இவ்வளவு கவனமாகக் கேட்கிற அரசு, ஆடு தின்ற இலையில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பாலிலும் இதே கதை. சொசைட்டியில் நம் பாலைச் சந்தேகப்படுவதற்கென்றே ஒரு லாக்டோமீட்டர் உண்டு. தண்ணீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் காசு. விபத்து நடந்தால் முதலில் கெடுவது இந்தப் பால்தான். அயோடின்-131 புல்லில் விழுந்து, மாட்டுக்குள் போய், இரண்டொரு நாளில் மடிக்கு வந்துவிடும். செர்னோபிலைச் சுற்றிச் சிறுவயதில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களில் 6,000க்கும் மேற்பட்டவர்களுக்கு 2005க்குள் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டதாக ஐ.நா.வின் அறிவியல் குழு பதிவு செய்திருக்கிறது. அதற்குப் பெரிய காரணம் உலை வெடித்த பிறகான சில வாரங்களில் குடித்த பால். “குடிக்காதே” என்று உடனே சொல்ல ஆளில்லை.

நமக்கு உடனே சொல்வார்களா? 2019இல் கூடங்குளத்தில் கணினிக்குள் தீநிரல் புகுந்தது என்று செய்தி வந்தது. அக்டோபர் 29 அன்று நிலையம் மறுத்தது. அப்படித் தாக்கவே முடியாது என்றது. மறுநாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. புகுந்தது நிர்வாகக் கணினியில்தானாம். உலையை இயக்கும் வலைப்பின்னலில் இல்லையாம். நல்லது. விஷயம் அவர்களுக்குத் தெரியவந்த தேதி செப்டம்பர் 4. எட்டு வாரம். அயோடின்-131 எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு கணினிக்கு ஆன அதே காலம் பாலுக்கும் ஆனால், உண்மை வெளிவருவதற்குள் விஷமே வயதாகிச் செத்திருக்கும். குடித்த பிள்ளைகளின் கழுத்தில் மட்டும் ஆதாரம் மிச்சமிருக்கும்.

சரி, அங்கே யாருமே அளப்பதில்லையா? அளக்கிறார்கள். உலையருகே சுற்றுச்சூழல் ஆய்வகம் இருக்கிறது. பாலையும் மீனையும் நீரையும் சோதிக்கிறார்கள். நடத்துவது அணுசக்தித் துறை. உலையை ஓட்டுவதும் அதே துறையின் கழகம். கண்காணிக்க வேண்டிய ஒழுங்குமுறை வாரியமும் அணுசக்தி ஆணையத்துக்குக் கட்டுப்பட்டதாகவே அமைக்கப்பட்டது. ஆணையத்தின் தலைவர் துறையின் செயலர். வாரியத்துக்குச் சுதந்திரம் போதாது, 1983லிருந்தே கடமையாக இருந்த கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கொள்கையைக்கூட அது தயாரிக்கவில்லை என்று 2012இல் சொன்னது போராட்டக்காரர் இல்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். பாலுக்குப் பூனை காவல் என்பதை நம் பாட்டிமார் சும்மா சொன்னார்கள். இவர்கள் அதற்கு அமைப்பு வரைபடமே போட்டிருக்கிறார்கள்.

செர்னோபில் நம் தட்டு வரை வந்த கதையும் உண்டு. ஐரோப்பியப் பால்வளக் கொடையாக அயர்லாந்து வெண்ணெய் பம்பாயில் இறங்கியது. இதைத் தின்னலாமா என்று குடிமக்கள் நீதிமன்றத்தில் கேட்டார்கள். 1988இல் உச்ச நீதிமன்றம் எம்.ஜி.கே. மேனன், பி.கே. அய்யங்கார், ஜி.வி.கே. ராவ் ஆகிய மூவர் குழுவைக் கேட்டது. ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்புக்குள் இருந்தால் தீங்கில்லை என்றது குழு. வழக்கு முடிந்தது. அந்த வரம்பு 1987 ஆகஸ்ட் 27 தேதியிட்டது. செர்னோபில் வெடித்துப் பதினாறு மாதம் கழித்து. குழுவின் பதில் சரியாகவே இருக்கட்டும். கேள்வியைக் கேட்கக் குடிமக்கள் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அரசுக்கு ஆடுகள் மேல் பாசமில்லை என்று சொல்லிவிட முடியாது. 2011 செப்டம்பர் 11 அன்று கூடங்குளம் உலையை எதிர்த்து இடிந்தகரையில் 127 பேர் காலவரையற்ற உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். நான்கே நாளில், செப்டம்பர் 15 அன்று, விலையில்லா ஆடு வழங்கும் திட்டம் தொடங்கியது. ஒரு பக்கம் ஆடு இலவசம். மறுபக்கம் அந்த ஆடு மேயும் காற்றைப் பற்றிப் பேசாதே. 22ஆம் தேதி, மக்களின் அச்சம் தீரும்வரை உலைப் பணியை நிறுத்துங்கள் என்று தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டது. அச்சம் எப்போது தீர்ந்தது தெரியுமா? பக்கத்துச் சங்கரன்கோவிலைக் கேளுங்கள். 2012 மார்ச் 18 அன்று அங்கே இடைத்தேர்தல். மார்ச் 19 அன்று உலைக்குப் பச்சைக்கொடி, கூடவே 500 கோடி ரூபாய்த் தொகுப்பு. வாக்குப்பெட்டிக்கு முத்திரை வைத்த இரவில் மக்களின் அச்சம் மாயமாய் மறைந்தது. அச்சம் மறையாதவர்கள் மீது தேசத்துரோக வழக்கு. ஆயிரக்கணக்கில். வழக்குகளைத் திரும்பப் பெற முயலுங்கள் என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

அதே 2012 ஜூனில் நக்கனேரியில் நெருக்கடிகால ஒத்திகையும் நடத்தினார்கள். மனிதருக்கு ஒத்திகை முடிந்தது. மாட்டை எப்போது அவிழ்ப்பது? ஜப்பானில் இது நடந்தே விட்டது. ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் 20 கி.மீ. வட்டம் போட்டு மனிதர்களை ஏற்றினார்கள். தீனியின்றிக் கட்டுத்தறியிலேயே செத்தன பல மாடுகள். மிஞ்சியவற்றைக் கொல்லச் சொல்லி விபத்து நடந்த ஆண்டே மே மாதம் உத்தரவு வந்தது. வட்டத்துக்கு வெளியே இன்னொரு கூத்து. விபத்தின்போது வயலில் கிடந்த வைக்கோலை மாடுகள் தின்றன. அதிகாரிகள் மாட்டின் தோலை அளந்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். கறி பல மாநிலங்களில் விற்றுத் தீர்ந்தபின், ஜூலையில் விழித்துக்கொண்டு தடை போட்டார்கள். கருவி செய்து உலகுக்கு விற்கிற நாட்டில் இந்த லட்சணம். நம் சோளத்தட்டைப் படப்பை யார் அளப்பார்?

விபத்து நாளையே நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நடக்காமலே போகட்டும். வேல்ஸில்கூட ஓர் உலையும் வெடிக்கவில்லை. வெடித்தது வேறு யார் வீட்டிலோ. கணக்கு வந்தது மேய்ப்பர் பெயருக்கு. இழப்பீட்டுக்கு 2010 சட்டம் உலை நடத்துபவருக்குப் போட்டிருந்த உச்சவரம்பு 1,500 கோடி. வரம்பு போடுவதில் மட்டும் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். காற்றுக்கு ஒரு வரம்பு, காசுக்கு ஒரு வரம்பு. நம் பொறுமைக்கு மட்டும் வரம்பு கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செர்னோபில் நாள் ஏப்ரல் 26. ஐந்தாம் நாள் மே 1, கிராம சபை. தெருவிளக்கு, குடிதண்ணீரோடு மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். எங்கள் பாலை அணுசக்தித் துறை அல்லாத யார் அளக்கிறார்கள்? கோவில்பட்டி வட்டாரத்தில் அளக்கும் கருவி எந்த அலுவலகத்தில், யார் பொறுப்பில் இருக்கிறது? எட்டயபுரம் சந்தையை மூடச் சொன்னால், ஆட்டுக்காரருக்குத் தலைக்கு எவ்வளவு, எத்தனை நாளில், யார் தருவார்? “மேலே கேட்டுச் சொல்கிறோம்” என்பார்கள். அந்தப் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் தேதியோடு எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.