மார்கழிக் கடலும் மண்ணெண்ணெய்க் கணக்கும்

வன்னியில் எங்கள் ஊரான ஜெயபுரத்தில் யாரும் கடற்றொழிலுக்கென்று பிறப்பதில்லை. 1983 இனக்கலவரக் காலத்தில் மலையகத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறிய ஊர் அது. மூத்த தலைமுறையில் பலர் கண் திறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில். கொழுந்துக்கூடை சுமந்த முதுகும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கையும்தான் எங்கள் பரம்பரைச் சொத்து. வயல் கிடைக்கும் என்று நம்பி வந்தார்கள். முதலில் கிடைத்தது காட்டுப்பன்றி. ‘கடல் எங்களை அழைத்தது’ என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் அழைத்தது அடுப்பு.

அப்பா நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவர். வன்னியில் மார்கழிப் பனி இறங்கினால் ஊரே இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்கும். அவர் மட்டும் மேலில் சட்டையில்லாமல் முற்றத்தில் நின்று, “இதெல்லாம் ஒரு குளிரா? எங்க தோட்டத்துல விடியக்காலம் வாளித் தண்ணியில கைய வைக்க ஏலாது” என்பார். குளிரைப் பற்றிப் பேசும் உரிமை தனக்கு மட்டுமே எழுதிக் கொடுக்கப்பட்டது போலப் பேசுவார். அந்த உரிமையைப் பறித்தது கடல்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. மழை பிழைத்து வேலையில்லாத மாரி ஒன்றில், சைக்கிளில் முழங்காவில் தாண்டி இரணைமாதாநகர்க் கரைக்குப் போய், வள்ளமும் வலையும் உள்ள ஒரு சம்மாட்டியிடம் அப்பா கூலிக்குச் சேர்ந்தார். பள்ளிக்கூடம் விட்ட நாட்களில் நானும் ஒட்டிக்கொண்டேன். சம்மாட்டி இரணைதீவுக்காரர். 1992இல் தீவை விட்டு எழும்பி வந்த சனம் கரையில் போட்ட குடியிருப்புத்தான் இரணைமாதாநகர். வானம் வெளித்த விடியலில் அவருடைய தீவு கண்ணுக்கு முன்னால் கிடக்கும். போகத்தான் முடியாது, அங்கே கடற்படை இருந்தது.

நண்டு வலையைப் பின்னேரம் விட்டுவிட்டு வந்து, மறுநாள் இருட்டோடு போய் இழுக்கவேண்டும். நடுச்சாமத்துக்குப் பிறகு வாடை தரையிலிருந்து கடலுக்கு இறங்கும். பாக்கு விரிகுடாக் கரை ஆழமில்லாதது. நெடுந்தூரம் இடுப்பளவு தண்ணீர்தான். வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு நடந்து, மார்பளவு நனைந்த பிறகு ஏறுவோம். இருபது பாகைக் குளிர் என்பது திண்ணையில் இருப்பவனுக்கு ஒரு கணக்கு. நனைந்த உடம்போடு காற்றுக்கு முகம் கொடுத்து நிற்பவனுக்கு அது வேறு கணக்கு. முதல் நாளே அப்பாவின் பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் அணியத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

“என்ன அண்ணை, நுவரெலியா எப்பிடி?” என்றார் சம்மாட்டி.

“அது காஞ்ச குளிரு அண்ணே. இது நனஞ்ச குளிரு.”

அடுத்த நாள் பெட்டியின் அடியிலிருந்து பாட்டியின் கம்பளி வெளியே வந்தது. மழையில் கொழுந்தெடுக்கும்போது தலையோடு போட்டுக்கொள்ளும் முரட்டுக் கம்பளி. நனைந்தாலும் சூடு விடாது. மலையில் தேயிலைக்கு உழைத்த கம்பளி, கடலில் நண்டுக்கு உழைக்கத் தொடங்கியது. கொஞ்ச நாளில் சம்மாட்டியே, “அண்ணை, உது இன்னொண்டு எடுக்கேலுமோ?” என்று கேட்டார். மலையகம் வன்னிக் கடற்றொழிலுக்குச் செய்த தொழில்நுட்ப உதவி இதுவென்று எங்கேயாவது பதிந்து வைக்கலாம்.

மற்றத் தொழில்நுட்பங்களை அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை பார்த்துக்கொண்டது. பற்றரிக்குத் தடை, பெற்றோலுக்குத் தடை, மண்ணெண்ணெய் அளந்து வரும். எஞ்சின் உள்ளவன் அதைச் சாக்கால் மூடி வைத்துவிட்டு மரக்கோலால் தாங்கினான். காற்று வாய்த்தால் பாய் கட்டினான். வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு, கடலில் அதுவும் இல்லை. வெளிச்சம் காட்டினால் கடற்படைப் படகுக்கு நாங்களே முகவரி கொடுத்தது போலாகும். காலநிலை அறிவிப்பு சம்மாட்டியின் மூக்கு. காற்றை மோந்து, “இண்டைக்கு வேண்டாம்” என்றால் வேண்டாம்தான்.

கரைக்கு வந்தால் இன்னொரு வேடிக்கை. மாரியில் றால் படும், மணலை படும், ஒட்டி படும். வாங்கத்தான் ஆள் இராது. கார்த்திகைப் பூரணை கழிய பிள்ளையார் பெருங்கதை, அதன் பிறகு திருவெம்பாவை என்று சைவக்காரர் பாதிப்பேர் மரக்கறிக்கு மாறியிருப்பார்கள். நத்தார் வரும்போது மட்டும் கத்தோலிக்க வீடுகளில் விலை கொஞ்சம் எழும்பும். ஐஸ் இல்லை, ஏற்றி அனுப்பப் பாதை இல்லை. ஆகவே விற்காத மீனெல்லாம் எங்கள் சட்டிக்கு வந்தது. இன்று கொழும்பு ஹோட்டலில் விலைப்பட்டியலைப் பார்த்து மூடி வைக்கிற அளவு நண்டை, சோற்றுக்கு வழியில்லாத காரணத்தால் அன்று நாங்கள் ஒடியல் கூழில் போட்டுக் குடித்தோம். வறுமை எங்களை நன்றாகச் சாப்பிட வைத்தது. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நம்பாமல் இருப்பதே நல்லது. அதே மாரியில் மலேரியாக் காய்ச்சலும் குளிரோடுதான் வந்தது.

2008இல் எல்லோரும் எழும்பி ஓடினோம். அந்தக் கதை வேறு இடத்துக்கு உரியது. கம்பளி எங்கே விழுந்ததென்று தெரியாது.

இப்போது காலம் மாறிவிட்டது. ஏ-32 வீதி மழமழவென்று போகிறது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் யாழ்ப்பாணம் கூப்பிடு தூரம். 2018 ஏப்ரலில் இரணைதீவுச் சனம் அனுமதிக்குக் காத்து அலுத்து, தாங்களே படகேறிப் போய்த் தங்கள் மண்ணில் இறங்கிவிட்டது. பைபர் போட் வந்துவிட்டது. யமஹா எஞ்சின், நெற்றியில் கட்டும் சீன லைட், நனையாத ஜக்கெட், ஜிபிஎஸ் எல்லாம் வந்துவிட்டன. கடலுக்குப் போகும் பொடியன்கள் போனில் ‘வின்டி’ செயலியைத் திறந்து காற்றின் வேகம் பார்க்கிறார்கள். தாழமுக்கம் உருவாக முன்னரே வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை வட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. குளிரை வெல்ல இவ்வளவும் வந்திருக்கும்போது, கடலுக்குப் போவதுதான் குறைந்துவிட்டது.

காரணம் எண்ணெய். 2022 ஓகஸ்டில், எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. அதற்கு முந்திய வாரங்களில் 87 ரூபாய்க்கும் கிடைக்கவில்லை என்பது வேறு விடயம். பிறகு கொஞ்சம் இறங்கியது. பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. தடைக்காலத்தில் எண்ணெய் இல்லாமல் எஞ்சினைச் சாக்கால் மூடினோம். இப்போது எண்ணெய் வாங்க வழியில்லாமல் மூடுகிறோம். முன்னேற்றம் என்பது இதுதான் போலும்: சாக்குக்குப் பதில் நல்ல தார்ப்பாய்.

எண்ணெய் அடித்துப் போகத் துணிந்தவனுக்குக் கிழமைக் கணக்கு ஒன்று உண்டு. திங்கள், புதன், சனி தமிழகத்து இழுவைப் படகுகள் வரும் இரவுகள். 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடுத்தது. சட்டத்தைக் கடல் வாசிப்பதில்லை. அந்த இரவுகளில் விட்ட வலை விடியும்போது துண்டு துண்டாகக் கிடக்கும், சில நாள் அதுவும் கிடக்காது. அன்று தென்னிலங்கைப் படைக்குப் பயந்து வெளிச்சமில்லாமல் போனோம். இன்று எங்கள் மொழி பேசுகிறவர்களின் படகுக்குப் பயந்து வெளிச்சத்தோடு வீட்டில் இருக்கிறோம். அவர்களும் வயிற்றுப்பாட்டுக்கு வரும் கூலிகள்தான். அங்கே சம்மாட்டி கரையில்தான் நித்திரை.

தூரம் வேண்டாம், கரையோரமே போதும் என்றால், நாங்கள் இடுப்பளவில் நடந்த தண்ணீரில் இப்போது கம்பு நட்டு வலை சுற்றிய கடலட்டைப் பண்ணைகள். அட்டையை எங்கள் ஊரில் யாரும் தின்பதில்லை. அது அவிந்து, காய்ந்து, சீனாக்காரரின் விருந்துக்குப் போகிறது. நீல நண்டு சதை பிரிக்கப்பட்டு வெளிநாட்டுக்குப் போகிறது. சதை பிரிப்பது எங்கள் பெண்கள். அவர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் நின்று டின்மீன் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கடல் தெரிகிற கடை.

குளிரும் கைவிட்டுவிடவில்லை. 2022 டிசம்பரில், மாண்டூஸ் புயலின் வாலில் வந்த வாடை வடக்குக் கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடு ஆடுகளைச் சாய்த்தது. நோயா, நஞ்சா என்று ஆராய்ந்து, கடைசியில் குளிர்தான் என்றார்கள். அப்பா அதைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “தோட்டத்துல மாட்டுக்குக் கூடச் சாக்குப் போர்த்துவோம்” என்றார். இங்கே வெட்டையில் நனைந்து நின்ற மாட்டுக்குச் சாக்குக்கூட இல்லை.

இதைவிடக் கடுங்குளிரில், வடநோர்வேயின் பின்மார்க் பகுதி மீன் தொழிற்சாலையில், என்னோடு படித்தவன் ஒருவன் இருக்கிறான். எண்பதுகளிலிருந்தே எங்கள் ஆட்கள் அந்தக் கரைகளில் கோட் மீன் வெட்டுகிறார்கள். குருநகர் அந்தோனி இராஜேந்திரம் மீன்பிடி பழக 1956இல் நோர்வே போனார். அந்த உறவில்தான் பிறகு காரைநகரில் சீநோர் படகுத் தொழிற்சாலை வந்தது. அன்று அவர்களிடம் படகு கட்டப் படித்தோம். இன்று அவர்கள் பிடித்த மீனை வெட்டிக் கொடுக்கிறோம். கரையெல்லாம் பனி மூடிக் கிடந்தாலும் அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டத்தால் அந்தக் கடல் உறைவதில்லையாம். அவன் போனில் சொன்னான்: “மச்சான், இங்க புயலெண்டால் வள்ளம் வெளிக்கிடாது. மீன் வராட்டி எங்களை வீட்டை விடுவாங்கள். ஆனால் காசு வரும்.”

நான் கேட்க நினைத்ததும் அந்தக் காசைப் பற்றித்தான். எங்கள் கரையில் மீனவனுக்குக் குளிர் என்றும் பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. ஒரு கம்பளியோடு தீர்ந்த விடயம் அது. ‘மீனவர்கள் மறு அறிவித்தல் வரை கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று எச்சரிக்கை அனுப்புகிறார்கள்; நல்லது, உயிர் தப்புகிறது. அதே போனுக்கு, போகாத நாளின் அரிசிக்கும் பருப்புக்கும் ஒரு சிறு தொகையை அனுப்ப வழி செய்யட்டும். அதுவரை எந்தத் தாழமுக்கத்திலும் யாரோ ஒருவன் வள்ளத்தைத் தள்ளத்தான் போகிறான்.