பொறுமையான வாத்தியார் தேவை

“சேர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. டீச்சர் சுடட்டும்.”

இப்படி என்னிடம் சொன்னவன் பலூன் சுடும் கடைப் பையன். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. ஹட்டன் பக்கம் ஒரு கோயில் திருவிழா, பின்னால் நல்ல கூட்டம், அதில் பாதிப் பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். தள்ளி நிற்கச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் தள்ளி நின்ற மறு நிமிடம் என் மனைவி டப்பென்று ஒரு மஞ்சள் பலூனை உடைத்தாளே, அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அது காற்றின் வேலை. மலைக்காற்று அந்தப் பலூனைக் கொண்டுவந்து குண்டுக்கு முன்னால் வைத்தது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

எல்லாம் குரங்கால் வந்த வினை. கொட்டகலையில் வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டிருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. போஞ்சி பிஞ்சு விடும்வரை நமக்குச் சொந்தம், அதற்குப் பிறகு அவர்களுக்கு. 2023இல் சீனாவுக்கு ஒரு இலட்சம் குரங்கு ஏற்றுமதி என்று அமைச்சர் சொன்னபோது என் மனைவி பெட்டி கட்டிக் கொடுக்கவே தயாராக இருந்தாள். அந்தக் கதை வழக்கு வரை போய் நின்றுவிட்டது. அப்புறம் 2025 மார்ச் 15 அன்று, காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை, நாட்டு மக்கள் எல்லோரும் தோட்டத்தில் நின்று குரங்கு, மயில், மர அணில் எண்ண வேண்டும் என்றது அரசாங்கம். நாங்களும் தாளும் பேனாவுமாக நின்றோம். அந்த ஐந்து நிமிடமும் ஒரு வாலைக்கூடக் காணோம். எட்டு ஆறுக்குக் குடும்பத்தோடு வந்தன. நாட்டில் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் குரங்குகள் என்று பிறகு கணக்கு வெளியானது. அதில் எங்கள் வீட்டுப் பங்கு பூச்சியம்.

“துப்பாக்கி ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்” என்றாள் அவள். கொல்வதற்கு இல்லையாம், பயம் காட்டுவதற்காம். நான் 1916ஆம் ஆண்டு சுடுகலன் சட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். அனுமதிப்பத்திரம், வருடாவருடம் புதுப்பித்தல், பொலிஸ் அறிக்கை என்று விளக்கினேன். தற்பாதுகாப்புக்காக ஏற்கெனவே துப்பாக்கி வாங்கி வைத்திருந்தவர்களையே 2024 நவம்பரில் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்ன பாதுகாப்பு அமைச்சு, போஞ்சிக்காக உனக்குப் புதிதாகத் தருமா என்று கேட்டேன். நான் முடிப்பதற்குள் அவள் குரங்கை மறந்துவிட்டு ஒலிம்பிக்குக்குப் போய்விட்டாள்.

பாரிஸ் ஒலிம்பிக்கை அவள் வீட்டு வேலையெல்லாம் போட்டுவிட்டுப் பார்த்தவள். கடலூரில் பிறந்த பெண் இளவேனில் வாலறிவன் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை என்று அன்று எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடே தாமதம். துருக்கிக்காரர் யூசுப் டிகெச், ஐம்பது தாண்டிய மனுசன், ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு சும்மா நின்று சுட்டு வெள்ளி வாங்கிப் போனார். அதைப் பார்த்த பிறகு வயதைச் சொல்லி அவளைத் தடுக்க எனக்கு வழியில்லாமல் போனது. நம் நாட்டுத் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் காற்றுத் துப்பாக்கி பிடித்ததையும் அவளே எனக்குச் சொன்னாள். பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் அரை மில்லிமீட்டர். குண்டின் அகலம் நாலரை மில்லிமீட்டர். “இலக்கைவிடக் குண்டு பெரிசு, அப்புறம் என்ன கஷ்டம்?” என்றாள். கணக்கு வாத்தியார் வீட்டில் பேசுகிற பேச்சா இது?

சரி, சொல்லிக்கொடுக்க ஆள் தேட வேண்டும். நல்ல துப்பாக்கி வாத்தியாருக்கு முக்கியமாக ஒரு இலட்சணம் வேண்டும். தன் கையைத் தன்னிடமே வைத்துக்கொள்வது.

இந்தக் கை விஷயத்தைக் கொஞ்சம் பேசியாக வேண்டும். கல்யாணம் முடித்த ஆம்பிளைக்கு ஒரு கை இருக்கிறது. வலது கை, இடது கை என்ற கணக்கில் அது வராது. பொஞ்சாதி எதையாவது பிடித்துக்கொண்டு இரண்டு நொடி யோசித்தால் போதும், அது தானாக நீளும். கூடவே வாயிலிருந்து “இங்க குடு” என்று வரும். கைத்தொலைபேசியில் அவள் ஒரு படத்தைத் தேடுவாள்: இங்க குடு. வாங்கித் தடவு தடவென்று தடவி, தேடிய படத்தையும் தொலைத்து, கூடவே அவளுடைய அக்கா மகள் கல்யாணப் படங்களையும் அழித்து, “உன் போன்ல ஏதோ கோளாறு” என்று திருப்பிக் கொடுப்போம். காஸ் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாட்டுவாள்: இங்க குடு. அரை மணி நேரம் கழித்து, “இது வேற கம்பனிக்காரன்ட” என்போம். ஊறுகாய்ப் போத்தல் மூடி: இங்க குடு. அவள் பாதி திறந்து வைத்ததைத்தான் நாம் திறப்போம், ஆனால் பெயர் நமக்கு. ஏடிஎம் வாசலில், பின்னால் பத்துப் பேர் நிற்க, அவளுடைய அட்டை, அவளுடைய சம்பளம், அவளுடைய இரகசிய எண்: இங்க குடு. தையல் ஊசியில் நூல் கோர்ப்பாள். வெள்ளெழுத்துக் கண்ணாடியை எங்கேயோ மறந்து வைத்துவிட்ட நாம் அதற்கும் கை நீட்டுவோம். தொட்டிலில் அழும் பேரப்பிள்ளையைக்கூட இங்க குடு என்று வாங்கி, இரண்டாவது நிமிடத்தில், இந்த ஒன்றை மட்டும், தாமதமே இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவோம். என் அப்பாவுக்கு அந்தக் கை இருந்தது. தேயிலைக் கூடையின் கயிறு முடிச்சைத் தவிர, லயத்தில் எங்கள் அம்மா தொட்ட எல்லாவற்றையும் அது பிடுங்கியது. அந்த முடிச்சைப் பிடுங்கினால் கூடையையும் தூக்க வேண்டியிருக்கும் என்று அதற்குத் தெரியும். என் மருமகனுக்கும் இருக்கிறது. அவன் கொழும்பில் கணினி படித்தவன், “லெட் மீ” என்று கேட்டுவிட்டுப் பிடுங்குவான். அவ்வளவுதான் தலைமுறை முன்னேற்றம்.

பலூன் கடையிலும் நடந்தது இதுதான். குழலை மடக்கிக் குண்டு போட்டுக் கொடுத்தான் பையன். அவள் வாங்கித் தோளில் சாய்த்தாள். அவளுக்கு இடது கண்ணைத் தனியாக மூட வராது. ஒன்றை மூடினால் மற்றதும் கூடவே மூடும், உதடு ஒரு பக்கம் இழுக்கும், மூக்கு சுருங்கும். “கண்ணை மூடு, ஒரு கண்ணை மட்டும் மூடு, மூச்சைப் பிடி, விசையை இழுக்காதே, அழுத்து, தோளை இறக்கு, இங்க குடு” என்று நான் ஒழுங்காகத்தான் சொன்னேன். “இளவேனில் ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுத்தான் சுடுது. மத்தக் கண்ணுக்கு மறைப்புத்தான் போடுறாங்க” என்றாள். உண்மைதான். அதற்காகத் திருவிழாக் கூட்டத்தில் சொல்ல வேண்டுமா? முப்பது வருடம் முதலாம் தரத்துப் பிள்ளைகளுக்கு ‘அ’னா எழுதக் கற்றுக் கொடுத்தவள் அவள். “பென்சிலப் பிடுங்கினா பிள்ளை எப்படிங்க எழுதும்?” என்று வேறு கேட்டாள். அப்போதுதான் அந்தப் பையன் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னது.

அந்தப் பையனின் பொறுமையைக் கூட்டமே மெச்சியது. எனக்கு ஒரு கேள்வி. அவன் ஏன் பொறுமையாக இருக்க மாட்டான்? தவறிய குண்டு ஒவ்வொன்றும் அவனுக்குக் காசு. குறி தப்பத் தப்ப அவன் முகம் மலர்கிறது. உலகத்தில் பொறுமைசாலி என்று பெயர் வாங்கிய வாத்தியார்கள் எல்லோரும் ஒரு மணி நேரத்தில் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். மாணவியோடு ஒரே வீட்டில் குடியிருந்து, அவள் கையால் சோறு தின்று, அப்புறம் பொறுமையாக இருந்து காட்டட்டும், பார்ப்போம்.

வேறு ஆளும் தேடிப் பார்த்தேன். கடேற் படையணி நடத்திய பழைய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு “அட்டென்ஷன்” என்பதற்குக் கீழே குரல் இறங்காது. வங்கி வாசலில் துவக்கோடு நிற்கிற காவலாளியைக் கேட்டேன். பல வருடமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறாராம், ஒரு நாளும் வெடித்ததில்லையாம். அவர் பொறுமையில் குறையில்லை, பாடத்தில்தான் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் பப்ஜியில் பெரிய ஆள், ஆனால் கட்டைவிரலால் மட்டும்தான் சுடுவான்.

நம்மிடம் வாத்தியார் இல்லாததில் ஆச்சரியமும் இல்லை. இந்த மலையில் சுடப் பழகியவர்கள் துரைமார்தான். 1900இல் தொடங்கி 1949 வரை அவர்களுக்கென்றே தோட்டத்துரைமார் ரைபிள் படை ஒன்று இருந்தது. முதலாம் உலகப் போருக்கு எகிப்து வரைக்கும் போனார்கள். நம் ஆட்களுக்குத் துப்பாக்கியின் முன்பக்கம் மட்டும்தான் காட்டப்பட்டது. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் சுடப்பட்டவர் கோவிந்தன். 1977 மே மாதம், இதோ கூப்பிடு தூரத்தில் இருக்கிற டெவன் தோட்டத்தில், காணியைப் பிரிக்காதே என்று நின்ற கூட்டத்தில் சிவனு லெட்சுமணன். பொலிசார் அன்று குறி தவறவில்லை. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு நின்றுவிடும். அவளும் அதைத்தான் சொன்னாள்: “நம்ம ஆள் ஒருத்தி பின்பக்கம் நின்னு பாத்தா என்ன?” அதற்கு என்னிடம் பதில் இல்லாததால் தேநீர் கேட்டேன்.

ஆகவே, கொட்டகலை, ஹட்டன், தலவாக்கலை சுற்றுவட்டாரத்தில் காற்றுத் துப்பாக்கி சுடத் தெரிந்த, சத்தம் போடாத, சட்டப்படி இடமும் அனுமதியும் உள்ள ஒருவர் இருந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள். தமிழோ சிங்களமோ பரவாயில்லை. கூலி பேசிக்கொள்ளலாம், மாலைத் தேநீர் எங்கள் செலவு. கல்யாணம் ஆகாதவராக இருந்தால் விசேஷம். கணவன்மார் தயவுசெய்து விண்ணப்பிக்க வேண்டாம், அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.