ஒரு சொடுக்கில் அஸ்வின்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் ரவிச்சந்திரன் அஸ்வினைப் பற்றி. மீதி, ரேஷன் கடை பாமாயிலைப் பற்றி. பாமாயிலை அடுத்த வாரம் பார்ப்போம்.

● அஸ்வினை ஒரே வரியில் சொல்லுங்களேன்! (மேலூர் வாசகர்)

106 டெஸ்ட், 537 விக்கெட், 6 சதம். இது கணக்கு மட்டும்தான். ஆளைச் சொல்ல ஒரு வரி எப்படிப் போதும்? ஒரு பந்தைப் பற்றிக் கேட்டாலே அவர் ஒன்பது வரி பேசுவார்.

● மேற்கு மாம்பலம் என்றால் கொசுதானே ஞாபகம் வரும்? (மதுராந்தகம் வாசகி)

அஸ்வினை எதிர்த்து ஆடிய இடக்கை ஆட்டக்காரர்களைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். காதோரம் ரீங்காரம் கேட்கும். அடிக்கக் கை ஓங்கினால் ஆள் வேறு பக்கம் இருப்பார். பென் ஸ்டோக்ஸ் 13 முறை கடிபட்டார், டேவிட் வார்னர் 11 முறை.

அந்தப் பேட்டைத் தெருக்கள்தான் அவருக்கு முதல் மைதானம். 2024இல் வந்த சுயசரிதைக்குத் தலைப்பு வைத்தபோதுகூடத் தெருவை விடவில்லை. அப்பா ரவிச்சந்திரன் சென்னை கிளப் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசியவர். பிள்ளை முதலில் தொடக்க ஆட்டக்காரர். பதினான்கு வயது வாக்கில் இடுப்பில் பட்ட காயம் மாதக்கணக்கில் முடக்கிப் போட, அதற்குப் பிறகுதான் ஆஃப் ஸ்பின் பக்கம் திரும்பினார். அந்தக் காயத்துக்கு ஒரு மாலை போடலாம். போட்டால் அவர் அம்மா விளக்குமாற்றை எடுப்பார், பரவாயில்லை.

● 'சொடுக்குப் பந்து', 'கேரம் பால்', என்ன வித்தியாசம்? வீட்டில் செய்து பார்க்கலாமா? (காரைக்குடி வாசகர்)

முதலாவது தெருப் பையன்கள் வைத்த பெயர். இரண்டாவது டி.வி. வர்ணனையாளர்கள் வைத்தது. சரக்கு ஒன்றுதான்.

பந்தைக் கட்டைவிரலுக்கும் மடக்கிய நடுவிரலுக்கும் இடையில் பிடித்துக்கொள்ளுங்கள். விடும் நேரத்தில், கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி நடுவிரலால் ஒரு சுண்டு. வழக்கமான ஆஃப் ஸ்பின் வலக்கை ஆட்டக்காரருக்கு உள்ளே வரும். இது வெளியே போகும். கை வரும் விதத்தை வைத்து உள்ளே வரப்போகிறது என்று நம்பி ஆடுகிறவர், பந்து எதிர்த் திசையில் போவதைத் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்வார். ஸ்டம்ப் சாய்ந்திருக்கும்.

2008 ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் இந்தச் சரக்கை வைத்தே 13 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். இது என்ன மாயம் என்று இந்தியாவே விழித்தது. டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த சென்னைப் பையன்கள் விழிக்கவில்லை. 'அட, நம்ம சொடுக்கு!' என்றார்கள்.

வீட்டில் தாராளமாகச் செய்து பாருங்கள். தக்காளியை வைத்து வேண்டாம். நான் செய்து பார்த்தேன். அன்று இரவு ரசம் எனக்கு மட்டும் கிடையாது.

● என் மகன் ஐ.டி. படித்துவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போகிறேன் என்கிறான். கண்டியுங்கள்! (ஈரோடு வாசகர்)

அஸ்வினும் எஸ்.எஸ்.என். கல்லூரியில் ஐ.டி. படித்தவர்தான். எந்தத் தொழிலுக்குப் போவதென்றாலும் முதலில் இன்ஜினீயரிங் முடிப்பது நம் ஊர்ச் சம்பிரதாயம். இந்திய ஆஃப் ஸ்பின்னில் அது சம்பிரதாயத்துக்கும் மேலே: பிரசன்னா இன்ஜினீயர், வெங்கட்ராகவன் இன்ஜினீயர், அஸ்வினும் இன்ஜினீயர். கோணம், வேகம், காற்று என்று எதையாவது கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் வேலை அது. மகனைக் கண்டிக்காதீர்கள். எத்தனை அரியர் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.

● அளவுக்கு மீறி யோசிக்கிறவர் என்று அஸ்வினைச் சொல்வார்களே? (நாகர்கோவில் வாசகி)

யோசிக்காதவர்கள் சொல்வது.

● மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். பட்லரை அப்படி அவுட் ஆக்கியது நியாயமா? (திருச்சி வாசகர்)

தொட்டுவிட்டேன். நியாயம்.

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். பஞ்சாப் அணிக்கு அஸ்வின் கேப்டன். ராஜஸ்தானின் ஜோஸ் பட்லர் 69 ரன்னுடன் வெளுத்துக்கொண்டிருந்தார். அஸ்வின் ஓடி வந்தார், நின்றார், எதிர்முனையில் கோட்டைத் தாண்டியிருந்த பட்லரைப் பார்த்தார், பெயில்ஸைத் தட்டினார். மூன்றாவது நடுவர் அவுட் என்றார். ராஜஸ்தான் தோற்றது. அன்று இரவே உலகம் முழுக்க ஒழுக்க வகுப்புகள் ஆரம்பமாகிவிட்டன.

எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. பந்துவீச்சாளரின் கால் கோட்டை ஓர் அங்குலம் தாண்டினால் நோ பால். கூடவே ஒரு ஃப்ரீ ஹிட்டும் தண்டனை. மட்டையாளர் ஒரு முழம் தாண்டி நின்றால் அவரைத் தொடக் கூடாது, அது கனவான்களின் ஆட்டம்! தீபாவளி பஸ் வரிசையில் முன்னால் போய் நிற்பவரைத் தட்டிக் கேட்டால், கேட்டவருக்குத்தான் பண்பாடு இல்லை என்கிற மாதிரி.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2012 பிப்ரவரியில் பிரிஸ்பேனில் இலங்கையின் திரிமன்னேயை இதே மாதிரி அஸ்வின் ரன் அவுட் செய்தார். நடுவர்கள் கலந்து பேசினார்கள். அன்றைய கேப்டன் சேவாக்கும் சச்சினும் முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இளைஞர் அஸ்வின் ஒன்றும் சொல்லாமல் பந்தை வாங்கிக்கொண்டு போனார். ஏழு வருடம் கழித்துக் கேப்டன் அவரேதான். திரும்பப் பெற யார் இருக்கிறார்கள்?

1947இல் சிட்னியில் வினு மன்கட் பில் பிரவுனை இப்படி எடுத்தார் என்பதற்காக, இந்த அவுட்டுக்கே அவர் பெயரைச் சூட்டி எழுபது வருடம் திட்டினார்கள். பிரவுனின் கேப்டன் பிராட்மேனோ மன்கட் மீது தப்பில்லை என்றுதான் எழுதினார். 2022 அக்டோபரில் விதிப்புத்தகம் இதை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற அத்தியாயத்திலிருந்து தூக்கி 'ரன் அவுட்' அத்தியாயத்தில் வைத்துவிட்டது.

அதே 2022இல் ஐ.பி.எல். ஏலம் அஸ்வினை எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? ராஜஸ்தானில், பட்லரின் பக்கத்து நாற்காலியில். அணி இறுதியாட்டம் வரை போயிற்று. சம்பந்தி வீட்டுச் சண்டையெல்லாம் இப்படித்தான் தீரும்.

● 'டை'க்கும் 'டிரா'வுக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாக! (பழனி வாசகர்)

2011 நவம்பர், வான்கடே. கடைசிப் பந்தில் மேற்கிந்தியத் தீவுகளை ஜெயிக்க 2 ரன் தேவை. அஸ்வின் அடித்து ஒன்று ஓடினார். இரண்டாவதுக்கு ஓடி ரன் அவுட். ஸ்கோர் சமம், ஆனால் இந்தியாவுக்கு இன்னும் ஒரு விக்கெட் மிச்சம் இருந்தது. ஆகவே டிரா. அதே டெஸ்டில் அவர் ஒரு சதமும் அடித்தார், ஓர் இன்னிங்ஸில் 5 விக்கெட்டும் எடுத்தார். ஊர் பேசியது என்னவோ அந்த ஓடாத ஒரு ரன்னைப் பற்றித்தான்.

● பந்தை அடிக்காமல் விட்டே ஹீரோ ஆனவர் உண்டா? (கும்பகோணம் வாசகி)

2022 அக்டோபர் 23, மெல்பர்ன். எதிரே பாகிஸ்தான், சுற்றிலும் 90,000க்கு மேல் ஜனம். ஒரு பந்து, 2 ரன். அதற்கு முந்தைய பந்தில்தான் தினேஷ் கார்த்திக் ஸ்டம்பிங் ஆகிப் போயிருந்தார். நான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சுற்றியிருப்பேன், நீங்களும்தான். நவாஸின் பந்து லெக் பக்கம் போவதைப் பார்த்ததும் அஸ்வின் மெல்ல ஒதுங்கி வழிவிட்டார். வைடு. ஸ்கோர் சமம். அடுத்த பந்தை மிட் ஆஃப் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். கோலியின் 82 ரன்னை உலகம் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். அந்த ஒதுங்கலை மட்டும் நான் தனியாக நாலு தரம் போட்டுப் பார்த்தேன்.

● சிட்னி 2021 பற்றி எழுதவே மாட்டேன் என்கிறீர்களே? (புதுச்சேரி வாசகர்)

எழுதினால் எனக்கு முதுகு வலிக்கிறது.

முந்தின இரவு முதுகு பிடித்துக்கொண்டு படுத்தவர், காலையில் நிமிரக்கூட முடியாமல் எழுந்தார். குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட முடியவில்லை என்று மனைவி பிரீத்தி அன்றே பதிவு போட்டார். அந்த ஆள் மட்டையோடு போய் 128 பந்து நின்றார். 39 ரன், அவுட் இல்லை. மறுமுனையில் தொடைத் தசை கிழிந்த விஹாரி, 161 பந்துக்கு 23. கம்மின்ஸும் ஸ்டார்க்கும் விலா எலும்பைக் குறி வைத்துப் போட்டார்கள். ஸ்டம்ப் மைக்கில் தமிழ் கேட்டது. ஆஸ்திரேலியக் கேப்டன் டிம் பெய்ன் பின்னாலிருந்து வாயைக் கொடுத்தார். சற்று நேரத்திலேயே கையில் வந்த விஹாரியின் கேட்சை விட்டார். வாய் வேலை செய்யும்போது கைக்கு லீவு போலிருக்கிறது.

ஆட்டம் டிரா. அடுத்த டெஸ்டில் அஸ்வினால் ஆட முடியவில்லை. பதிலுக்கு வந்த வாஷிங்டன் சுந்தர் 62 அடித்தார். முதுகு போனாலும் இடம் ஊரை விட்டுப் போகவில்லை.

அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 106. கடைசி விக்கெட்டுக்குத் துணை நின்ற சிராஜ், சதம் விழுந்ததும் குதித்த குதியைப் பார்த்திருக்கிறீர்களா? தன் கல்யாணத்திலேயே அப்படிக் குதிப்பவர்கள் குறைவு.

● முரளியா, அஸ்வினா? (யாழ்ப்பாணம் வாசகர்)

800 பெரிதா, 537 பெரிதா என்பதை உங்கள் வீட்டுக் குழந்தை சொல்லும். டெஸ்டில் தொடர் நாயகன் விருது இருவருக்கும் தலா 11. எனக்கு அமைதி பிடிக்கும், இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

● இவ்வளவு விக்கெட் எடுத்தவரை வெளிநாட்டில் ஏன் உட்கார வைத்தார்கள்? (தஞ்சாவூர் வாசகர்)

இந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு நேரமும் காத்திருந்தேன்.

537இல் 383 இந்தியாவில் எடுத்தவை. 'சொந்த மண் புலி' என்று சொல்ல இந்த ஓர் எண் போதும். ஆனால் வெளியூரில் கூப்பிட்டால்தானே புலி வரும்? 2021 ஜூலையில் ஓவல் மைதானத்தில், சர்ரே கவுன்டிக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடி ஓர் இன்னிங்ஸில் 27 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். அடுத்து வந்த இங்கிலாந்துத் தொடரில், அதே ஓவல் டெஸ்ட் உட்பட, நடந்த நான்கு டெஸ்டிலும் தண்ணீர் பாட்டில்தான். நான்கு வேகம், கூட ஜடேஜாவின் மட்டை என்று அணிக்கு ஒரு கணக்கு இருந்தது. ஓவலில் ஜெயிக்கவும் ஜெயித்தார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொள்ள முடியாதது 2023. மீண்டும் ஓவல், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி. தரவரிசையில் உலகின் முதல் டெஸ்ட் பந்துவீச்சாளர் அஸ்வின். எதிரே ஆஸ்திரேலியாவில் ஐந்து இடக்கை ஆட்டக்காரர்கள். வானம் மேகமூட்டம், பிட்ச் பச்சை என்று அவரை வெளியே வைத்தார்கள். டிராவிஸ் ஹெட் 163 அடித்தார், அவரும் இடக்கைதான். இந்தியா 209 ரன்னில் தோற்றது. மழை வரும் போலிருக்கிறது என்று குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போன கதை.

● தோனி அவரை நம்பினாரா? (சேலம் வாசகர்)

2011 ஐ.பி.எல். இறுதியில் கெய்லுக்கு எதிராக முதல் ஓவரையே கொடுத்தார். கெய்ல் முட்டை. 2013 சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் இங்கிலாந்துக்கு 15 ரன் தேவைப்பட்ட கடைசி ஓவரையும் கொடுத்தார். கோப்பை வந்தது. இதற்குமேல் நம்பிக்கைக்கு முத்திரைத்தாளா வேண்டும்?

● ஏன் அப்படித் திடீரென்று விலகினார்? (மயிலாடுதுறை வாசகி)

2024 டிசம்பர் 18, பிரிஸ்பேன். மழையில் டெஸ்ட் டிரா ஆனது. அஸ்வின் ரோஹித் சர்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், சர்வதேசக் கிரிக்கெட்டில் இதுதான் என் கடைசி நாள் என்றார், கேள்வி எதுவும் வேண்டாம் என்று சொல்லி எழுந்தார். பதினான்கு வருடம் ஆட்டத்தின் ஒவ்வொரு விதியையும் கேள்வி கேட்டவர், தன் முறை வந்தபோது கேள்வியே வாங்கவில்லை. என்னைப் போன்ற கேள்வி-பதில்காரனுக்கு வயிற்றில் அடித்த மாதிரி.

மகனுக்கு அவமானம் நடந்தது என்று அப்பா டி.வி.யில் கொட்டிவிட்டார். அஸ்வின் போட்ட பதில்: 'டேய் ஃபாதர், என்னடா இதெல்லாம்!' அப்பாவுக்குப் பத்திரிகைப் பயிற்சி கிடையாது, மன்னித்து விட்டுவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். சேப்பாக்கத்தில் ஒரு கடைசி டெஸ்ட் ஆட வைத்து அனுப்பியிருக்கலாம் என்பது என் கட்சி. அப்பாவுடன் கூட்டணி.

● அவருடைய கடைசி டெஸ்ட் விக்கெட் யார்? (விருதுநகர் வாசகர்)

2024 டிசம்பர் 7, அடிலெய்டு. மிட்செல் மார்ஷ். விக்கெட் கீப்பர் பந்த் பிடித்தார். மட்டையில் பட்டுவிட்டது என்று தானே நினைத்துக்கொண்டு, ரிவ்யூகூடக் கேட்காமல் மார்ஷ் நடையைக் கட்டினார். ரீப்ளேயில் பார்த்தால் பந்து மட்டையில் படவே இல்லை.