தொலைக்காட்சிப் பின்புறவியல்: ஒரு முன்னாய்வு

தொலைக்காட்சியின் முன்புறத்தைப் பற்றித் தமிழில் எழுதிக் குவித்தாயிற்று. சீரியல் குடும்பத்தைக் கெடுக்கிறதா, விவாத மேடையில் யார் அதிகம் கத்துகிறார் என்பனவெல்லாம் அலசப்பட்டுவிட்டன. பின்புறம் மட்டும் ஒட்டடையோடு அறிஞர் கண்ணில் படாமல் கிடக்கிறது. அக்குறை நீக்க எழுந்ததே இவ்வாய்வு.

ஆய்வின் எல்லை: பிக்சர் டியூப் கொண்ட, இன்னும் பழுதாகாத பெட்டிகள் மட்டும். 2006 தேர்தலுக்குப் பின் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளும் இதில் அடங்கும். “ஓடுறத எதுக்குத் தூக்கிப் போடணும்?” என்ற ஒரே கேள்வியில் இவை ஆண்டுகளைக் கடந்துவிடுகின்றன. தீபாவளிக்கு மாப்பிள்ளை ஒரு சவுண்ட்பாரும், படம் பார்க்கும் ஸ்டிக்கும் வாங்கி வரும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

கள ஆய்வில் பதிவான உரையாடல்:

“மாமா, பின்னாடி என்னென்ன ஓட்டை இருக்குன்னு பாருங்க.”

“மஞ்சள், விபூதி, குங்குமம்னு மூணும் வரிசையா இருக்கு மாப்ளே. நீங்க கொண்டாந்ததுல ஒண்ணுகூட இல்லையே!”

மாமாவின் வகைப்பாட்டில் பிழையில்லை. மஞ்சளில் படம், வெள்ளையில் இடப்பக்க ஒலி, சிவப்பில் வலப்பக்க ஒலி. இந்தச் செருகியின் மூலவடிவம் 1930களில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் இசைத்தட்டுப் பெட்டியை ரேடியோவோடு சேர்க்கச் செய்தது. மாப்பிள்ளையின் ஸ்டிக்கில் இருப்பதோ 2002 டிசம்பரில் வரையறுக்கப்பட்ட, 19 ஊசிகள் கொண்ட எச்டிஎம்ஐ. அது எண்களாக அனுப்பும். பெட்டிக்கோ மின்னலைதான் புரியும். நடுவில் கன்வெர்ட்டர் என்ற சிறு டப்பா வந்தாக வேண்டும்.

இந்த டப்பாவில் இரு சாதிகள் உண்டு. ஒன்று எச்டிஎம்ஐயை ஏவியாக, அதாவது அந்த மூன்று நிறச் செருகிக்கு ஏற்றதாக, மாற்றும். மற்றது ஏவியை எச்டிஎம்ஐயாக மாற்றும். உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள்; திருப்பிச் செருகினால் வேலை செய்யாது. ரிச்சி தெருக் கடைக்காரர் “எதுலேருந்து எதுக்கு?” என்று கேட்பது இதனால்தான். “ரெண்டையும் சேக்கணும்ணே” என்று பதில் சொன்னவருக்கு மறுநாளும் அங்கே வேலை இருக்கிறது.

அடுத்தது கல்வெட்டியல். பெட்டியின் முதுகில் ‘இன்’, ‘அவுட்’ என்ற சொற்கள் கறுப்பு பிளாஸ்டிக்கிலேயே கறுப்பாகப் புடைத்திருக்கும். யார் படிக்கக்கூடாது என்று இப்படிச் செய்தார்களோ தெரியவில்லை. மொபைல் டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது; பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு படிக்கிற மாமா ‘இன்’ என்கிறார். எட்டிப் பார்க்கும் மாப்பிள்ளை ‘அவுட்’ என்கிறார். பாடபேதம். தூசியைத் துடைத்ததும் மாமாவின் பாடமே மூலபாடம் என்று உறுதியானது.

படம் வந்தது, கறுப்பு வெள்ளையில். “டியூப் போச்சு” என்பது வீட்டில் ஒரு சாராரின் கொள்கை. கன்வெர்ட்டரின் விலாவில் நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருப்பதை அவர்கள் கவனிக்கவில்லை. அது அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் நின்றால், நம்மூர் ‘பால்’ முறை மட்டுமே தெரிந்த பெட்டி நிறத்தைக் கண்டுகொள்ளாது. தள்ளியதும் கதாநாயகி சிவப்புப் புடவைக்கு மாறினாள். 1080 வரிப் படம் 576 வரிக்குள் அடைபடுவதால் பெயர்ப் பட்டியலைப் படிக்க முடியாதுதான். பெயர் போடும்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

இனி ஒலி. சவுண்ட்பார் தொலைக்காட்சியிலிருந்து ஒலியைப் பெறும் ‘ஆர்க்’ வசதி எச்டிஎம்ஐயிலேயே 2009இல்தான் வந்தது. டியூப் பெட்டியிடம் அதை எதிர்பார்ப்பது அநியாயம். ஆகவே பெட்டியைக் கேட்காமலே காரியத்தை முடிக்க வேண்டும். கன்வெர்ட்டரிலிருந்து மஞ்சள் மட்டும் தொலைக்காட்சிக்கு. வெள்ளையும் சிவப்பும் ஒரே முனையில் சேரும் கேபிள் வழியாக சவுண்ட்பாரின் ‘ஆக்ஸ்’ துளைக்கு. அப்போதும் சத்தம் வராவிட்டால் ஸ்டிக்கின் அமைப்பில் ஒலியை டால்பியிலிருந்து பிசிஎம்முக்கு மாற்ற வேண்டும்; இந்த டப்பாக்களில் பெரும்பாலானவற்றுக்கு டால்பியைப் பிரிக்கத் தெரியாது. ஆறு தடத்தில் பதிவான ஒலி இப்படி இரண்டு கம்பியில் இறங்கும்போது, தலைக்குமேல் பறக்க வேண்டிய ஹெலிகாப்டர் டிவி மேசைக்குள்ளேயே சுற்றும். ஆயினும் அட்டைப் பெட்டியில் ‘தியேட்டர்’ என்று அச்சிட்டிருப்பதால் மாமியார் உட்பட அனைவரும் அதைத் தியேட்டர் என்றே ஏற்றனர்.

தொலைக்காட்சிக்கு ஒன்று, ஸ்டிக்குக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று என ரிமோட்டுகள் மூன்று. விளம்பரம் அலறும்போது எதை அமுக்கினால் சத்தம் குறையும் என்பதில் அவ்வீட்டார் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பாட்டி மட்டும் நேராகச் சுவர் சுவிட்சை அணைக்கிறார். அம்முறையின் சிறப்பு தனி ஆய்வுக்குரியது.