மருமவனே, நாய்ப்பண்ணை வைக்கப்போறியாமே!

வா மருமவனே, உக்காரு. பொமரேனியன் குட்டி வித்தே மாடிவீடு கட்டப்போறியாமே, ஊரெல்லாம் அதே பேச்சு. ரொம்ப சந்தோசம். நம்ம வகையறாவுல ஒருத்தனாவது முன்னேற வேண்டாமா?

கணக்கும் பிரமாதமாத்தான் போட்டிருக்க. வருசத்துக்கு ரெண்டு ஈத்து, ஈத்துக்கு ஆறு குட்டி. நோட்டுல பொறக்கிற குட்டிக்குச் சீக்கும் கிடையாது, சாவும் கிடையாது.

ஒரே ஒரு சந்தேகம். உன் பொட்டையைத் தூக்கிப் பாத்தேன், 7 கிலோவுக்குக் குறையாது. அசல் பொமரேனியன் 3, மிஞ்சினா மூணரை கிலோ. நாம பொமரேனியன்னு கூப்பிடுத வெள்ளை நாய் பலதும் இந்தியன் ஸ்பிட்ஸ். தங்கமான நாய், நம்ம வெயிலையும் தாங்கும். ஆனா பேரை மாத்தி வித்தா அதுக்கு வியாபாரம்னா பேரு?

சர்டிபிகேட் இருக்குங்கியா? கென்னல் கிளப் சீட்டு அப்பன் ஆத்தா யாருன்னு சொல்லும், முட்டி நல்லாருக்கான்னு சொல்லாது. குட்டைச்சாதி நாய்க்கு முட்டிச்சிப்பி விலகுறது பரம்பரையா வரும். ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு ஒரு காலைத் தூக்கிக்கிட்டு நொண்டும், நாலு எட்டுல சரியாப் போவும். நீ அதை ‘டான்ஸ் ஆடுது’ன்னு வீடியோ எடுத்துப் போடுவே. டாக்டரு கையால தடவிப் பாத்தே சொல்லிருவாரு. சொல்லிட்டார்னா, அந்த நாயைச் சேத்துவிடக் கூடாது. மாடிவீட்டுல மொதத் தூண் அங்கயே சாஞ்சிரும்.

அழகை மட்டும் பாத்துச் சேத்தா என்ன ஆவும்னு தெரிய சீமைக்குப் போவேண்டாம். ராஜபாளையத்து நாய்ல பால்வெள்ளைதான் வேணும்னு ஒரே ரத்தத்துக்குள்ளயே சேத்தாக. செவிட்டுக் குட்டி பொறந்துது. கூப்பிட்டா திரும்பாது. ‘என்ன கம்பீரம்!’னு வாங்கினவன் பூரிச்சுப் போனான்.

சர்க்காரும் உன் கணக்கைக் கெடுக்கத்தான் 2017ல விதி போட்டிருக்கு. 18 மாசம் நிறையாத பொட்டையைச் சேக்கக் கூடாது. வருசத்துக்கு ஒரு ஈத்து, ஆயுசுக்கே அஞ்சு. எட்டு வாரம் ஆவாத குட்டியை விக்கக் கூடாது. மாநில விலங்குநல வாரியத்துல பதிவும் பண்ணணும். பொறாமை பிடிச்ச மனுசங்க, என்ன செய்ய!

சினை 63 நாள். குட்டைச்சாதிக்கு ஒண்ணோ ரெண்டோ, மிஞ்சினா மூணு குட்டி. இடுப்பு சின்னது, குட்டித்தலை பெருசு. முக்கி முக்கி வராம நடுராத்திரி ஆப்பரேசனுக்குத் தூக்கிட்டு ஓடணும். டாக்டரு பீஸை உன் நோட்டுல எந்தப் பக்கம் எழுதியிருக்க? பொறந்த குட்டி உள்ளங்கைக்குள்ள அடங்கிரும், தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கிடத் தெரியாது. ரெண்டு வேளை பால் தவறினா சர்க்கரை இறங்கித் துவண்டுரும். தினமும் தராசுல வச்சு எடை பாக்கணும். ரெண்டாவது ஆட்டம் சினிமாவை மறந்துரு.

வாங்க வாரவன்கிட்ட ரூவா எண்ணுததுக்கு முன்னால கேள்வி கேளு. வீட்டுல பகல்ல ஆள் உண்டா, மாடியில கட்டிப்போடுவானா, தடுப்பூசி போடுவானா? பதில் சரியில்லன்னா குட்டியைக் குடுக்காத. மூணு வருசம் கழிச்சு ‘வேண்டாம்’னு அவன் கொண்டாந்து விட்டாலும் முகஞ்சுளிக்காம வாங்கிக்கிடணும்.

அதுக்குச் சம்மதம்னா நாளைக்கே டாக்டர்கிட்ட முட்டியைக் காட்டு. இல்லன்னா அதே டாக்டர்கிட்ட கருத்தடை பண்ணிட்டு, நாயை நாயா வளத்துக்கிட்டு இரு மருமவனே.